கையில் காய், மேசையில் கம்ப்யூட்டர், முன்னால் பெரிய திரை: ஒரே கண்ணாடி போதுமா?

ஏலத்தட்டு | வண்டன்மேடு | செவ்வாய் இரவு 9.10

வயது 47. ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் வேலை. புற்றடி ஏலத்தில் உட்கார்ந்து முதலாளிக்காகக் காய் எடுப்பது என் பொறுப்பு. சின்ன வயதில் கண்ணாடி போட்டதே இல்லை. கொஞ்ச நாளாக எழுத்து மங்கவே, டெஸ்ட் செய்து, தூரமும் படிப்பும் ஒரே லென்ஸில் வருகிற புரோகிரஸிவ் கண்ணாடி வாங்கினேன். சீட்டில் தூரத்துக்குப் பவர் ஒன்றும் இல்லை, இரண்டு கண்ணுக்கும் ஆட் (கிட்டப் பார்வைக்குக் கூட்டும் பவர்) +1.75 என்று எழுதியிருக்கிறது.

என் வேலை இப்படி. சாம்பிள் காயை உள்ளங்கையில் கொட்டி நிறம், பருமன், பிளந்த காய் எவ்வளவு என்று சில நொடியில் பார்த்து முடிக்க வேண்டும். உடனே மேசையில் உள்ள கம்ப்யூட்டரில் விலை ஏறுவதைப் பார்க்க வேண்டும். இடையிடையே முன்னால் பெரிய திரையையும் ஒரு பார்வை. பெரிய திரை பளிச்சென்று தெரிகிறது. கையில் உள்ள காய் பரவாயில்லை. நடுவில் இருக்கிற கம்ப்யூட்டர்தான் படுத்துகிறது. தாடையைத் தூக்கினால்தான் எண் தெளிகிறது. சாயங்காலம் ஆனால் பிடரி இறுகிப்போய்த் தலைவலி.

வாங்கிய கடையில் கேட்டால் "பழகிவிடும்" என்கிறார்கள். இல்லாவிட்டால் 18,000 ரூபாய் லென்ஸ் ஒன்று இருக்கிறதாம், அதற்கு மாறச் சொல்கிறார்கள். காசு கொடுத்தால் சரியாகிவிடுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேட்டுப்பாதை | கம்பம்மெட்டு | செவ்வாய் இரவு 9.41

அண்ணே, அந்தப் "பழகிவிடும்" வசனம் எனக்கும் கிடைத்தது. நான் ஜீப் ஓட்டுகிறவன். விடிகாலையில் தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையேற வேண்டும். புரோகிரஸிவ் போட்டுக்கொண்டு வளைவில் கண்ணை மட்டும் ஓரமாகத் திருப்பினால் ரோட்டு விளிம்பு நெளிந்து தெரிந்தது. ஓட்டுகிறவனுக்கு இது ஆகாது என்று அன்றைக்கே கழற்றி வைத்தேன். இப்போது தூரத்துக்குத் தனிக் கண்ணாடி, எழுதப் படிக்கத் தனிக் கண்ணாடி. மாற்றி மாற்றி மாட்டுவது தொல்லைதான், ஆனால் ரோடு ரோடாகத் தெரிகிறது.

18,000 எல்லாம் வேண்டாம். அந்தக் காசுக்கு எத்தனை கண்ணாடி வாங்கலாம்!

ஹாட்ஸ்பாட்வாசி | கொழிஞ்சாம்பாறை | செவ்வாய் இரவு 10.05

கம்ப்யூட்டர்தான் பிரச்சினை என்றால் நீல ஒளியைத் தடுக்கிற புளூகட் லென்ஸ் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். நான் வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறேன், நாள் முழுக்கத் திரைதான். எங்கள் டீமில் எல்லோரும் புளூகட். ஆன்லைனில் ஆர்டர் போட்டால் கடை விலையில் பாதிதான் ஆகும்.

ட்ரயல்பெட்டி | தேனி | செவ்வாய் இரவு 11.20

கண்ணைப் பரிசோதித்துப் பவர் சொல்கிற ஆப்டோமெட்ரிஸ்ட் ஆக இருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் புளூகட். திரையிலிருந்து வரும் நீல ஒளி கண்ணைக் கெடுக்கும் அளவில் இல்லை. அந்த லென்ஸ் போட்டால் கண் சோர்வு குறைகிறதா என்று இதுவரை வந்த சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு 2023-ல் வந்தது. சாதாரண லென்ஸைவிடக் குறுகிய காலத்தில் பலன் இருப்பதாகத் தெரியவில்லை என்பதுதான் அதன் முடிவு. அமெரிக்கக் கண் மருத்துவர் சங்கமும் அதைப் பரிந்துரைப்பதில்லை. திரை பார்க்கும்போது கண் எரிவதற்குப் பெரிய காரணம் இமைக்க மறப்பது. கூடவே ஃபேன் காற்று நேராக முகத்தில் அடித்தால் கண் காய்ந்தே போகும்.

ஏலத்தட்டு அண்ணனுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பல புளூகட் லென்ஸில் லேசான மஞ்சள் சாயல் இருக்கும். வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்தால் தெரியும். பச்சை நிறத்தை வைத்து விலை சொல்கிற ஆளுக்கு அது எதற்கு? கண்ணுக்கு முன்னால் ஒரு மஞ்சள் தாளைத் தொங்கவிட்டுக்கொண்டு காய் வாங்குவதா?

இப்போது உண்மையான விஷயம். டெஸ்ட் செய்யும்போது உங்களிடம் "என்ன வேலை, எவ்வளவு தூரத்தில் எதைப் பார்ப்பீர்கள்" என்று யாராவது கேட்டார்களா? பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். ஆறு மீட்டர் தூரத்தில் ஒரு சார்ட், கையில் 40 சென்டிமீட்டரில் ஒரு அட்டை, அவ்வளவுதான். உங்கள் கம்ப்யூட்டர் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. நாற்பது வயதுக்குமேல் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகிவிடுகிறது. தூரத்துக்குத் தூரம் தன்னை மாற்றிக்கொள்ளும் சக்தி குறைகிறது. வெள்ளெழுத்து என்பது அதுதான். அதனால் ஒவ்வொரு தூரத்துக்கும் ஒரு பவர் தேவைப்படுகிறது.

புரோகிரஸிவ் லென்ஸில் மேலே தூரம், அடியில் படிப்பு, இரண்டையும் இணைக்கிற ஒரு ஒடுக்கமான பாதை நடுவில் உண்டு. திரைக்கு வேண்டிய பவர் அந்த ஒடுக்கத்தில்தான் இருக்கிறது. பாதையின் இரண்டு பக்கமும் உருவம் நெளியும். லென்ஸின் குற்றமல்ல, அந்த வகையே அப்படி. விலை கூடிய லென்ஸில் பாதை கொஞ்சம் அகலம், நெளிவு கொஞ்சம் குறைவு. ஆனால் பாதை கண்ணுக்கு நேரே வந்துவிடாது. தாடையைத் தூக்குகிற வேலை 18,000 கொடுத்தாலும் பாக்கி இருக்கும்.

நாளைக்கு ஒரு தையல்கார டேப் எடுத்துப் போங்கள். நீங்கள் இயல்பாக உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் இருப்பவரைக் கண்ணோரத்திலிருந்து அளக்கச் சொல்லுங்கள். காய்க்கு எவ்வளவு, திரைக்கு எவ்வளவு, பெரிய திரைக்குக் குத்துமதிப்பாக எவ்வளவு. கம்ப்யூட்டரின் மேல் விளிம்பு உங்கள் கண் மட்டத்துக்கு மேலேயா கீழேயா என்பதையும் பாருங்கள்.

ஏலத்தட்டு | வண்டன்மேடு | புதன் இரவு 8.30

அளந்தாயிற்று தம்பி. பக்கத்து ஆள் சிரித்துக்கொண்டே அளந்தார், அப்புறம் தனக்கும் அளந்து தரச் சொன்னார்.

காய்க்கு 35 சென்டிமீட்டர். கம்ப்யூட்டருக்கு 68. பெரிய திரை சுமாராக 5 மீட்டர். கம்ப்யூட்டரின் மேல் விளிம்பு என் கண் மட்டத்தைவிட நான்கு விரல் உயரம். அதை நான் இறக்க முடியாது, இடம் என்னுடையது இல்லை.

நல்லவேளை, நான் போட்டிருப்பது புளூகட் இல்லை. கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ட்ரயல்பெட்டி | தேனி | புதன் இரவு 10.15

இதைத்தான் எதிர்பார்த்தேன். கணக்கு எளிது. ஒன்றை மீட்டரில் உள்ள தூரத்தால் வகுத்தால் அந்தத் தூரத்துக்குத் தேவையான பவர் வரும். 40 சென்டிமீட்டருக்கு 2.50. உங்களுக்கு +1.75 போதும் என்று எழுதியிருக்கிறார்கள் என்றால், மீதி 0.75-ஐ உங்கள் கண் தானே போடுகிறது என்று அர்த்தம்.

68 சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1.50 வேண்டும். உங்கள் கண் போடும் 0.75 போக, கண்ணாடி தர வேண்டியது 0.75. நாள் முழுக்கக் கண்ணை இழுத்துப் பிடிக்காமல் இருக்கக் கொஞ்சம் கூட்டி +1.00 என்று வைத்துக்கொள்ளலாம். 35 சென்டிமீட்டரில் காய் பார்க்க 2.85 வேண்டும். அங்கே கண்ணாடி +2.00 தந்தால்தான் சுகம். "பரவாயில்லை" என்று நீங்கள் எழுதியதற்கு இதுதான் காரணம், +1.75-ல் காயை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

ஆபீஸ் லென்ஸ் என்று ஒரு வகை இருக்கிறது. அடியில் படிப்புப் பவர், நேராகப் பார்க்கும் இடத்தில் திரைக்கான பவர், மேலே அதைவிடக் கொஞ்சம் குறைவு. தூரப் பார்வைக்கு இடமே ஒதுக்காததால் திரைக்கான பகுதி அகலமாகக் கிடைக்கும், அதுவும் கண்ணுக்கு நேரே. உயரமான மானிட்டருக்கு அதுதான் பொருத்தம். பெரிய திரை அதில் மங்கும். ஆனால் உங்களுக்குத் தூரத்துக்குப் பவரே இல்லையே! உயரம் குறைந்த ஃபிரேமாக எடுத்துக் கொஞ்சம் தாழ்த்தி மாட்டினால் அதற்கு மேலாகவே பார்த்துவிடலாம். பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் பார்வைதான், வேறு வழியில்லை.

இது மருந்துச் சீட்டு அல்ல, கணக்கு. யாராவது நேரில், லென்ஸை மாற்றி மாற்றிப் போடுகிற ட்ரயல் ஃபிரேம் மாட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். போகும்போது ஒரு பொட்டலம் ஏலக்காய் கொண்டுபோங்கள். சார்ட்டைப் படிப்பதைவிட அதைப் பார்ப்பதுதான் உங்களுக்கு டெஸ்ட்.

கடைக்குள்ளிருந்து | கம்பம் | வியாழன் காலை 7.50

கண்ணாடிக் கடையில் லென்ஸ் ஃபிட்டிங் வேலை. ஆபீஸ் லென்ஸ் யோசனை சரிதான். ஆனால் அதற்கு முன்னால் இருக்கிற புரோகிரஸிவ் ஒழுங்காக ஃபிட் ஆகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? ஃபிட்டிங் தப்பானால் எந்த லென்ஸும் வேலை செய்யாது.

புரோகிரஸிவ் லென்ஸ் கம்பெனியிலிருந்து வரும்போது அதில் அழிக்கக்கூடிய மையில் ஒரு கூட்டல் குறி இருக்கும். நீங்கள் நேராகப் பார்க்கும்போது அது கருமணியின் நடுவில் விழ வேண்டும். அவசரத்தில் சில கடைகள் ஃபிரேமை உங்கள் முகத்தில் மாட்டிக் குறிக்காமலேயே குத்துமதிப்பாக உயரம் போட்டு அனுப்பிவிடும். டெலிவரி கொடுக்கும்போது மையையும் துடைத்துவிடுவார்கள், அப்புறம் யாருக்கும் தெரியாது. அடுத்த முறை வாங்கும்போது "துடைக்காமல் கொடுங்கள், மாட்டிப் பார்த்துவிட்டுத் துடைக்கலாம்" என்று சொல்லிவிடுங்கள்.

துடைத்தாயிற்று என்றாலும் வழி இருக்கிறது. லென்ஸில் லேசரில் செதுக்கிய இரண்டு பொடிக் குறிகள் நிரந்தரமாக இருக்கும், ஒன்றுக்கொன்று 34 மில்லிமீட்டர் இடைவெளியில். டியூப் லைட்டுக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால் மின்னும். அதை வைத்து அந்தக் கூட்டல் குறியை மறுபடி வரைந்துவிடலாம். எந்த நல்ல கடைக்காரரும் செய்து தருவார்.

குறி கருமணிக்குக் கீழே விழுந்தால் எல்லாப் பகுதியும் கீழே போய்விடும், தாடையை இன்னும் அதிகமாகத் தூக்க வேண்டியிருக்கும். ஃபிரேம் மூக்கில் வழுக்கினாலும் இதே கதை. அதனால் மூக்கில் சிலிகோன் பேடு வைத்த மெட்டல் ஃபிரேம் எடுங்கள். பேடை நெருக்கியோ விரித்தோ உயரத்தைச் சரிசெய்ய முடியும். ஒரே வார்ப்பாக வரும் பிளாஸ்டிக் ஃபிரேமில் அந்த வசதி இல்லை.

கத்திரிஊசி | வண்டிப்பெரியாறு | வியாழன் மதியம் 2.15

நான் தையல் கடை வைத்திருக்கிறேன். பஜாரில் விற்கிற ரெடிமேட் ரீடிங் கண்ணாடிதான் போடுகிறேன். ஊசி கோர்க்க, ஹெம்மிங் போட எல்லாம் சரியாக இருக்கிறது. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் என்றால் மட்டும் தடவ வேண்டியிருக்கிறது. இது கண்ணைக் கெடுக்குமா? வீட்டில் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். புரோகிரஸிவ் வாங்கித் தருகிறேன் என்று மகள் நிற்கிறாள்.

ட்ரயல்பெட்டி | தேனி | வியாழன் மாலை 6.40

அக்கா, மகளிடம் அந்தக் காசில் ஒரு நல்ல மேசை விளக்கு கேளுங்கள். உங்கள் வேலை முழுவதும் ஒரே தூரத்தில் நடக்கிறது. அதற்கு முழு லென்ஸும் ஒரே பவராக இருக்கிற ரீடிங் கண்ணாடியைவிட அகலமான பார்வை வேறு எதிலும் கிடைக்காது. புரோகிரஸிவில் படிப்புப் பகுதி அடியில் சின்னதாக இருக்கும். துணியை விரித்து வெட்டும்போது தலையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

ரெடிமேட் கண்ணாடி கண்ணைக் கெடுக்காது. இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர், சிலிண்டர் என்கிற கோணப் பவர் இல்லை, கண்களுக்கிடையே உள்ள தூரமும் சராசரி அளவு என்றால் தாராளமாகப் போடலாம். இரண்டு கண்ணும் வேறுவேறாக இருந்தால் தலைவலி வரும், அப்போது அளவெடுத்துச் செய்ய வேண்டும். ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால் மாறி மாறிப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் டெஸ்ட்டுக்குப் போங்கள். தெரியாவிட்டாலும் நாற்பதுக்குமேல் அவ்வப்போது கண் அழுத்தம் பார்த்துக்கொள்வது நல்லது. ரெடிமேட் வாங்குவதில் எனக்கு இருக்கிற ஒரே சங்கடம் இதுதான், அந்த வழியில் போகிறவர்கள் டாக்டர் பக்கமே வருவதில்லை. கிளௌகோமா என்கிற கண் அழுத்த நோய் வலிக்காமல் வரும்.

கறுப்பு நூலுக்கு விளக்கைப் பக்கவாட்டில், தாழ்வாக வையுங்கள். நேர் மேலே உள்ள டியூபில் நூலின் நிழல் விழாது. பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்தால் தையலின் மேடு பள்ளம் எழும்பித் தெரியும்.

ஹாட்ஸ்பாட்வாசி | கொழிஞ்சாம்பாறை | வியாழன் இரவு 9.30

புளூகட்டைப் பற்றிப் படித்தேன். காக்ரேன் விஷயத்தை டீம் குரூப்பில் போட்டேன், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு வேறு ஒரு சந்தேகம். எனக்கு இரண்டு கண்ணிலும் -7. இப்போதைய ஃபேஷனுக்குப் பெரிய ஃபிரேம் எடுத்து ஆன்லைனில் ஆர்டர் செய்தேன். மெலிந்து வருகிற 1.67 லென்ஸ். ஓரம் இன்னும் தடிமனாகத்தான் இருக்கிறது. திரையில் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து ஓரமாக இருந்தால் லேசாக நீலமும் மஞ்சளுமாகக் கரை கட்டுகிறது. சாயங்காலம் கண்ணுக்குள் யாரோ இழுக்கிற மாதிரி. பவர் தப்போ?

கடைக்குள்ளிருந்து | கம்பம் | வியாழன் இரவு 10.10

தம்பி, பவரைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் பிடி பார்க்க வேண்டும். இரண்டு கருமணிக்கும் இடையே உள்ள தூரத்தைத்தான் பிடி என்கிறோம். ஆன்லைனில் ஆர்டர் போடும்போது அதை எங்கிருந்து எடுத்தார்கள்? லென்ஸின் மையம் கருமணிக்கு நேரே இல்லாவிட்டால் லென்ஸ் பிரிசமாக வேலை செய்து படத்தை நகர்த்தும். இரண்டு கண்ணிலும் வெவ்வேறு பக்கம் நகர்ந்தால் அவற்றை ஒன்றாக்கக் கண்தான் இழுபட வேண்டும். தள்ளிப்போனதைச் சென்டிமீட்டரில் வைத்துப் பவரால் பெருக்குங்கள். உங்கள் -7-ல் 4 மில்லிமீட்டர் தள்ளினால் 2.8 பிரிசம். +1 பவர்காரருக்கு அதே 4 மில்லிமீட்டர் 0.4 தான், அவருக்குத் தெரியவே தெரியாது. பவர் ஏற ஏற அளவில் கைதவறக் கூடாது.

ஓரத் தடிமனுக்குப் பெரிய ஃபிரேம்தான் காரணம். மைனஸ் லென்ஸ் நடுவில் மெலிந்து ஓரத்தில் தடிக்கும். ஓரத்தை எவ்வளவு தூரம் கொண்டுபோகிறீர்களோ அவ்வளவு தடிமன். ஃபிரேமின் காம்பில் 52 18 140 என்ற மாதிரி மூன்று எண் இருக்கும். முதலாவது லென்ஸின் அகலம், இரண்டாவது மூக்குப் பாலம், மூன்றாவது காம்பின் நீளம், எல்லாம் மில்லிமீட்டரில். முதல் இரண்டையும் கூட்டினால் வருகிற எண் உங்கள் பிடிக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பிடி 62 என்றால் 46, 18 ஃபிரேம் அழகாக உட்காரும். 56 எடுத்தால் ஓரத்தில் கெட்டியாகத்தான் வரும், 1.74-க்குப் போனாலும்.

கரை கட்டுவது வேறு விஷயம். மெலிந்த லென்ஸ்கள் ஒளியை நிறங்களாகக் கொஞ்சம் பிரித்துவிடும். அதை அளக்கிற எண்ணை ஆபி எண் என்பார்கள், எண் கூடுதல் என்றால் பிரிவு குறைவு, பார்வை சுத்தம். சாதாரண 1.50 பிளாஸ்டிக்கில் 58. 1.67-ல் 32. உடையாத பாலிகார்பனேட்டில் 30. ஓரத்துக்குப் போகப் போக இந்தப் பிரிவு கூடும். சின்ன ஃபிரேம் எடுத்தால் இதுவும் பாதி அடங்கும். -7-க்கு 1.50 போடச் சொல்ல மாட்டேன், சோடாபுட்டி ஆகிவிடும். 1.60 ஒரு நடுவழி. எதிரொளி தடுக்கும் பூச்சு மட்டும் கட்டாயம் கேளுங்கள், லென்ஸ் மெலிய மெலிய எதிரொளி அதிகம்.

உங்கள் ஊரிலிருந்து கோழிப்பாறை அஹல்யா கண் ஆஸ்பத்திரி பக்கம்தானே? அந்தக் கண்ணாடியைக் கையில் எடுத்துப் போய் மையத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். லென்ஸ்மீட்டரில் சில நிமிட வேலை.

பழைய_கணக்கு | பீர்மேடு | வெள்ளி காலை 6.20

தேயிலைத் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் எல்லோரும் கம்ப்யூட்டர், தையல் என்று பேசுகிறீர்கள். கொழுந்து எடுக்கிற பெண்களை யாரும் சொல்லவில்லையே.

அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் நடந்த ஆய்வு 2018-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. நாற்பது வயதுக்கு மேற்பட்ட, வெள்ளெழுத்து இருந்த 751 தொழிலாளர்கள். பாதிப் பேருக்குக் கிட்டப் பார்வைக் கண்ணாடியை உடனே கொடுத்தார்கள், மீதிப் பேருக்கு ஆய்வு முடிந்த பிறகு. கண்ணாடி கிடைத்தவர்கள் பறித்த கொழுந்து மற்றவர்களைவிட ஏறக்குறைய 22 சதவீதம் கூடியது. கூடுதல் கொழுந்துக்குக் கூடுதல் காசு உண்டு, ஆகவே அது சம்பளம். இங்கே கத்தரியால் வெட்டுகிற தோட்டங்களில் அதே கணக்கு வராது, கையால் நுனி பார்த்துக் கிள்ளும் இடத்தில்தான் அந்தப் பலன். ஆனால் ஏலக்காய் ஸ்டோரில் உட்கார்ந்து தரம் பிரிக்கிற பெண்களுக்கு? அது முழுக்கக் கண் வேலை. ஐம்பது வயதுப் பெண்ணைக் கண்ணாடி இல்லாமல் உட்காரவைத்துவிட்டுப் பிளந்த காய் விழுகிறது என்று கங்காணி கத்துவதை நான் பார்த்திருக்கிறேன். முதலாளிமார் ஒரு ரீடிங் கண்ணாடி வாங்கிக் கொடுத்தால் ஒரு சாக்குக் காயின் தரத்திலேயே அந்தக் காசு வந்துவிடும்.

இன்னொன்று. வெயிலில் கறுக்கிற லென்ஸ் வாங்க நினைக்கிற மலைக்காரர்களுக்கு: குளிரில் அது கீழ்நாட்டைவிட அதிகமாகக் கறுக்கும், வெளுக்க நேரமும் பிடிக்கும். வெளியிலிருந்து இருட்டு ஸ்டோருக்குள் நுழைந்தால் கொஞ்ச நேரம் தடவ வேண்டியதுதான்.

ட்ரயல்பெட்டிக்கு ஒரு கேள்வி. என் மருமகனுக்கு 50 வயது. ஒரு வருடத்துக்குள் பவர் மாறி மாறிக் கண்ணாடி மாற்றிக்கொண்டே இருக்கிறான். முன்பு தூரம் தெரியவில்லை என்றான். இப்போது கிட்டே தெரியவில்லை என்கிறான். எந்தக் கடை நல்ல கடை?

ட்ரயல்பெட்டி | தேனி | வெள்ளி மதியம் 1.05

ஐயா, கடையை மாற்ற வேண்டாம். முதலில் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள், வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும், கூடவே மூன்று மாதச் சராசரியும். ரத்தச் சர்க்கரை ஏறும்போது கண்ணுக்குள் உள்ள லென்ஸ் நீரை இழுத்து உப்பும், பவர் மைனஸ் பக்கம் போகும். மாத்திரை ஆரம்பித்துச் சர்க்கரை இறங்கும்போது எதிர்ப்பக்கம் திரும்பும். அந்த நேரத்தில் செய்த கண்ணாடி எதுவும் நிலைக்காது. சர்க்கரை சில வாரம் ஒரே நிலையில் நின்ற பிறகு டெஸ்ட் செய்தால்தான் அர்த்தம் உண்டு. அதுவரை தேவைக்கு ஒரு ரெடிமேட் போதும். சர்க்கரை இருப்பது உறுதியானால் கண்ணாடியோடு நிறுத்தாமல் விழித்திரையையும் பார்க்க வேண்டும். தேனியில் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. அவர்கள் சின்ன ஊர்களில் நடத்துகிற பார்வை மையத்தில் முதலில் காட்டினாலும் போதும்.

தரம் பிரிக்கிற பெண்கள் பற்றிச் சொன்னீர்களே, முழுக்கச் சரி. அவர்களுக்கு ஒரே பவர் ரீடிங் கண்ணாடிதான் வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு சரிவில் நடக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிக் கொடுக்க வேண்டும். பைஃபோகல், புரோகிரஸிவ் போடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். கீழே குனிந்து பார்க்கும்போது படிப்புப் பகுதி வழியாகத் தரை தெரியும், படியும் வேரும் மங்கும். ஏலத் தோட்டத்துச் சரிவில் வயதானவர்கள் தூரக் கண்ணாடியோடு நடப்பதே நல்லது.

ஏலத்தட்டு | வண்டன்மேடு | அடுத்த வாரம், வியாழன் இரவு 8.50

தகவல் சொல்ல வந்தேன். கட்டப்பனையில் வேறு ஒரு கடையில் காட்டினேன். அந்தப் பெண் லென்ஸை லைட்டில் சாய்த்துப் பிடித்து இரண்டு குறியையும் கண்டுபிடித்தார். மார்க்கர் பேனாவால் கூட்டல் குறி போட்டு என் மூக்கில் மாட்டிவிட்டுக் கண்ணாடியில் பார்க்கச் சொன்னார். இரண்டு குறியும் கருமணிக்குக் கீழே. அளந்தால் வலது 4 மில்லிமீட்டர், இடது 3. பேடை நெருக்கி ஃபிரேமைத் தூக்கினார். காதுப் பக்கம் கொஞ்சம் வளைத்தார். அங்கேயே பாதி வித்தியாசம் தெரிந்தது. கூலி வாங்கவில்லை.

அப்புறம் ட்ரயல் ஃபிரேம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு லேப்டாப்பை 68 சென்டிமீட்டரில் வைக்கச் சொன்னேன், என் டேப்பை வைத்தே அளந்தார்கள். பையிலிருந்து காயைக் கொட்டியதும் கடையே மணத்தது, எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் அடியில் +2.00 வருகிற ஆபீஸ் லென்ஸ், எதிரொளி தடுக்கும் பூச்சோடு, சாயம் எதுவும் இல்லாமல். ஃபிரேம் உயரம் குறைந்தது. 18,000-க்கு எத்தனையோ பங்கு கீழே முடிந்தது. ஏலத்துக்கு இது, வெளியே போக வரப் பழைய புரோகிரஸிவ்.

இரண்டு ஏலம் முடிந்துவிட்டது. கம்ப்யூட்டரைத் தலையைத் தூக்காமல் பார்க்கிறேன். நாற்காலியில் ஒரு குஷன் போட்டு உயரத்தைக் கூட்டிக்கொண்டேன், மானிட்டர் இப்போது கண் மட்டத்துக்கு வந்துவிட்டது. பெரிய திரையை ஹெட்மாஸ்டர் பார்வையில்தான் பார்க்க வேண்டியிருக்கிறது, பக்கத்து ஆள் கேலி பண்ணுகிறார். பழைய_கணக்கு ஐயா சொன்னதை முதலாளியிடம் சொன்னேன். "யார் யாருக்கு வேண்டும் என்று கணக்கெடு" என்றார். பார்ப்போம்.

கடைக்குள்ளிருந்து | கம்பம் | வியாழன் இரவு 9.15

நல்லது அண்ணே. காய் உலர்த்துகிற அறைக்குள் அதைப் போட்டுக்கொண்டு அதிக நேரம் நிற்காதீர்கள். ஜீப்பின் டாஷ்போர்டில் வெயிலில் வைக்கவும் வேண்டாம், பூச்சு பொடிப்பொடியாக வெடித்துவிடும். துடைக்கும்போது முதலில் தண்ணீரில் கழுவுங்கள். தூசியோடு வேட்டி நுனியால் தேய்த்தால் கீறல் நிச்சயம்.

மேட்டுப்பாதை | கம்பம்மெட்டு | வியாழன் இரவு 9.40

அண்ணே, சந்தோஷம். நான் சொன்ன இரண்டு கண்ணாடிக்குத்தான் கடைசியில் வந்து நின்றீர்கள்!

எனக்கும் ஒரு சந்தேகம் இருக்கிறது. வயது 54. பகலில் ஒன்றும் இல்லை. இரவில் எதிர் வண்டியின் ஹெட்லைட் முன்னைவிட ரொம்பச் சிதறுகிறது. மூடுபனியில் இன்னும் மோசம். செக்போஸ்ட் பக்கம் மஞ்சள் கண்ணாடி விற்கிறான், இரவு ஓட்ட நல்லது என்கிறான். வாங்கலாமா?

ட்ரயல்பெட்டி | தேனி | வியாழன் இரவு 10.30

வாங்காதீர்கள். மஞ்சள் லென்ஸ் எதிர் வெளிச்சத்தைக் குறைப்பதோடு இருட்டில் ரோட்டோரம் நடக்கிற ஆளிடமிருந்து வருகிற கொஞ்சநஞ்ச வெளிச்சத்தையும் குறைக்கும். இரவில் எந்தச் சாயமும் வேண்டாம்.

உங்கள் தூரக் கண்ணாடியில் எதிரொளி தடுக்கும் பூச்சு இருக்கிறதா பாருங்கள். ஜீப்பின் முன் கண்ணாடியை உள்பக்கமும் துடையுங்கள், அங்கே படிகிற எண்ணெய்ப் படலம்தான் பாதி வெளிச்சத்தைச் சிதறடிக்கும். இதெல்லாம் செய்தும் சிதறினால், பகலில் சரியாக இருந்து இரவில் மட்டும் கூசுவது கண்புரையின் ஆரம்பமாக இருக்கலாம். 54 வயதில் அது அதிசயமில்லை. அப்படி என்றால் கண்ணாடி மாற்றி ஒன்றும் ஆகாது, டாக்டர்தான் பார்க்க வேண்டும்.

மேட்டுப்பாதை | கம்பம்மெட்டு | வியாழன் இரவு 10.42

ஞாயிறு டிரிப் இல்லை, ஆனால் அன்றைக்கு டாக்டர் இருக்க மாட்டார். சனிக்கிழமை காலை ஆட்களை இறக்கிவிட்டு அப்படியே தேனிக்கு ஜீப்பிலேயே வந்துவிடவா?

ட்ரயல்பெட்டி | தேனி | வியாழன் இரவு 10.50

வாருங்கள், ஆனால் பஸ்ஸில். கருமணியை விரிக்கச் சொட்டு மருந்து போடுவார்கள். சில மணி நேரம் கிட்டே மங்கும், வெயில் கூசும். ஜீப்தான் என்றால் திரும்பும்போது ஓட்ட வேறு ஆளைக் கூட்டி வாருங்கள். இப்போது போடுகிற இரண்டு கண்ணாடியையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.